கோடு போட்ட நோட்டு

ஜூன் 3, செவ்வாய்
மனநல ஆலோசனையில் மூன்றாவது அமர்வு. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் இன்றும் 16. ஒன்பது கேள்வி, அதிகபட்சம் 27. மார்க் குறைந்தால் மகிழ வேண்டிய பரீட்சை. மாத்திரையும் தொடர்கிறது. நோட்டில் பத்தி பிரிக்கச் சொன்னார் மேடம்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அதை எவ்வளவு நம்புகிறேன், ஆதாரம் என்ன. எழுதினால் சோர்வு போய்விடுமா என்றேன். "எழுதிட்டு வாங்க, பார்க்கலாம்."

ஜூன் 5, வியாழன்
காலையில் அக்காவுக்கு அனுப்பிய மெசேஜில் நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. நோட்டில் எழுதினேன்: "அக்காவுக்கு நான் சலித்துப்போய்விட்டேன்." நம்பிக்கை 90. ஆதரவான ஆதாரம்: பதில் வரவில்லை. எதிரானது: இன்று அவளுக்குப் பள்ளிக்கூடம். போன ஞாயிறு ரசப்பொடி அரைத்துக் கொடுத்தனுப்பினாள். சலித்துப்போனவள் மிளகு வறுத்துக்கொண்டிருப்பாளா? 55 ஆக்கினேன். பூஜ்யம் ஆகவில்லை; ஆக வேண்டியதும் இல்லையாம்.
இரவு ஒன்பதரைக்கு: "ஸ்கூல் திறந்த வாரம்டா, மூச்சு விட நேரமில்ல. சாப்டியா?"

ஜூன் 8, ஞாயிறு
மதியம் வரை படுக்கை.

ஜூன் 10, செவ்வாய்
திட்டு விழும் என்று நினைத்துப் போனேன் (இதையும் நோட்டில் எழுதியிருக்கலாம்). படுத்திருந்ததையும் அட்டவணையில் போடச் சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மார்க், பத்துக்கு: சந்தோஷம் எவ்வளவு, செய்துமுடித்த நிறைவு எவ்வளவு. மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாதாம்.
எண்ணங்களை ஆதாரம் வைத்துச் சோதிக்கும் இந்தச் சிகிச்சை முறையை 1960களில் உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக்கைப் பற்றியும் சொன்னார். மனச்சோர்வுள்ளவர்களின் கனவுகளில் அடக்கிவைத்த கோபம் இருக்கும் என்று நம்பித் தேடினாராம். அகப்பட்டதோ இழப்பும் தோல்வியும். தன் எண்ணத்துக்கு எதிரான ஆதாரத்தை மறைக்காத மனுஷன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்
மூன்று நாள் பாத்திரம். கழுவுமுன் போட்ட மார்க்: சந்தோஷம் 0, நிறைவு 1. குக்கர் கேஸ்கட்டில் பருப்பு ஓடு மாதிரி காய்ந்திருந்தது. வெந்நீரில் ஊறப்போட்டு, நகத்தால் சுரண்டி, திரும்ப மாட்டினேன். மூடி ஒரே திருகில் உட்கார்ந்தது. சந்தோஷம் 1, நிறைவு 4.

ஜூன் 17, செவ்வாய்
கேள்வித்தாளில் இன்று 13. பழைய ஆபீஸ் நண்பனுக்குப் போன் செய்வது இந்த வார வீட்டுப்பாடம். "எடுக்க மாட்டான்", நம்பிக்கை 80. பேருந்து நிறுத்தத்திலேயே அடித்தேன். பிஸி.
பிஸி என்றால் எந்தப் பக்கத்து ஆதாரம்? நோட்டை மூடிவிட்டு மறுபடி அடித்தேன்.