ஒரு மோட்டார்ஹோம், இரண்டு டிவி, நான்கு சிக்னல்

போன மே மாதம் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து எங்களிடம் வந்தபோது, பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 2004ஆம் வருட வண்டி, 29 அடி நீளம். அமெரிக்காவின் மிச்சிகனில் கோடை குறுகியது. அவர்கள் இருக்கும் நாட்களில் ஏரிக்கரை ஏரிக்கரையாகக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. எஞ்சின், பிரேக், தண்ணீர்க் குழாய் எல்லாம் சரியாக இருந்தன. டிவி மட்டும் வரவில்லை.

டிவி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மழை பிடித்துக்கொண்டால் எழுபது வயதுக்காரர்கள் இரண்டு பேர் நாள் முழுக்க அந்த 29 அடிக்குள்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்கு சீரியல். தஞ்சாவூரில் இரவு எட்டரைக்குப் போடுவது இங்கே காலை பதினொரு மணி. அப்பாவுக்கு உள்ளூர்ச் செய்தி, முக்கியமாக வானிலை. புயல் எச்சரிக்கை வந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு.

வண்டிக்குள் சிக்னல் வர நான்கு வழி இருந்தது. கூரையில் இறக்கை விரித்த பறவை மாதிரி ஒரு ஆண்டெனா. பக்கவாட்டில், வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டின் கேபிள் டிவியைச் செருக ஒரு துளை. அதன் அருகிலேயே டிஷ்ஷுக்கு இன்னொரு துளை. நான்காவது, இணையம் வழியாகப் பார்க்கும் ஸ்டிக். டிவி இரண்டு: முன்னால் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. இவற்றுக்கு நடுவே, அலமாரிக்குள், வரிசையாகப் பித்தான்கள் வைத்த பழைய செலக்டர் பெட்டி. பின்னால் எட்டுப் பத்து வயர், ஒன்றிலும் பெயர் எழுதவில்லை.

எல்லாவற்றையும் அந்தப் பெட்டியிலேயே செருகி, பித்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க மாற்றி மாற்றிச் செருகியும் ஒன்றும் வரவில்லை. மாலையில் அப்பா வந்து பார்த்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "லைன் எங்கேருந்து கிளம்பி எங்கே போகுதுன்னு முதல்ல பாருப்பா. அப்புறம் கை வைக்கலாம்" என்றார்.

மறுநாள் அதைத்தான் செய்தோம். எல்லா வயரையும் கழற்றினோம். ஒரு வயரின் ஒரு முனையில் நடுக்கம்பியும் வெளி உலோகமும் தொடும்படி அலுமினியத் தாளைத் திணித்துவிட்டு, அலமாரிக்குள் இருக்கும் ஒவ்வொரு முனையிலும், மின் இணைப்பு இருந்தால் கீச்சிடும் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது. எங்கே கீச்சிடுகிறதோ அதுதான் மறுமுனை. உடனே வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டிவிட வேண்டும். அப்பா வெளியே, நான் உள்ளே. "வந்துச்சா?" "வரல." "இப்ப?" "வந்துடுச்சு!" மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா வயருக்கும் பெயர் வந்துவிட்டது. ஆண்டெனா வயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: அதில் 12 வோல்ட் ஓடுகிறது. சுவரில் இருக்கும் சின்ன ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும், இல்லையென்றால் ஃப்யூஸ் போய்விடும்.

அந்த ஸ்விட்சைப் புரிந்துகொண்டதில்தான் பாதி வேலை முடிந்தது. சிக்னலைப் பெருக்கும் பகுதி ஆண்டெனாவின் தலையிலேயே இருக்கிறது. அதற்கான மின்சாரம், சிக்னல் இறங்கிவரும் அதே வயரில் மேலே ஏறுகிறது. ஸ்விட்சைப் போட்டுப் பச்சை விளக்கு எரிந்தால் டிவிக்கு ஆண்டெனா சிக்னல் போகும். அணைத்தால் ஆண்டெனா விலகி, கேம்ப்கிரவுண்ட் கேபிள் உள்ளே வரும். ஸ்விட்ச் இருக்கும் அந்தச் சுவர்த் தகட்டிலிருந்தே இரண்டு டிவிக்கும் தனித்தனியாக வழி இருந்ததால், இந்த இரண்டுக்கும் பழைய பெட்டி தேவையே இல்லை.

ஸ்விட்ச் சரியாக இருந்தும் சேனல் வராவிட்டால் டிவியின் மெனுவைப் பாருங்கள். ஆண்டெனாவா கேபிளா என்று அதில் கேட்கும். இரண்டிலும் சிக்னலை ஏற்றி அனுப்பும் முறையே வேறு. தவறானதை வைத்து ஸ்கேன் செய்தால் எவ்வளவு நேரம் ஓடினாலும் வெறுங்கைதான். ஊர் மாறும்போதெல்லாம் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். ஆண்டெனாவைத் திருப்பும்போது கொஞ்சம் திருப்பி, சில வினாடி பொறுத்து, அப்புறம் திருப்புங்கள். டிஜிட்டல் படம் உடனே எட்டிப் பார்க்காது.

டிஷ்தான் எங்களை அழ வைத்தது. முக்காலியில் டிஷ்ஷை நிறுத்தி, தென்மேற்கே திருப்பி, செட்டாப் பாக்ஸை நேராக டிஷ்ஷோடு இணைத்தால் படம் தெளிவாக வந்தது. வண்டியின் வயர் வழியாகக் கொடுத்தால் சிக்னலே இல்லை. மல்ட்டிமீட்டர் வயர் நன்றாக இருக்கிறது என்கிறது. இரண்டு நாள் கழித்து, டிவிக்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். தூசி படிந்து ஒரு ஸ்ப்ளிட்டர், ஒரு வயரை இரண்டாகப் பிரிப்பது, தீப்பெட்டி அளவு. விரலால் துடைத்தால் '5–1000 மெகாஹெர்ட்ஸ்' என்று பொறித்திருந்தது. டிஷ்ஷிலிருந்து வருவதோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. போதாததற்கு, செட்டாப் பாக்ஸ் அதே வயரில் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற பகுதிக்கு உயிர் கொடுக்கிறது. இரண்டையுமே அந்த ஸ்ப்ளிட்டர் மறித்துக்கொண்டிருந்தது. முன்பு வைத்திருந்த யாரோ இரண்டு அறைக்கும் பிரிப்பதற்காக மாட்டியிருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் நேராகச் சேர்க்கும் சின்ன இணைப்பானைப் போட்டேன். படம் வந்தது. அம்மா சமையல் மேடையிலிருந்து கைதட்டினார்.

இனி அந்த வயரைப் பிரிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். டிஷ் வயர் நேராக செட்டாப் பாக்ஸுக்கு. பாக்ஸிலிருந்து வரும் ஹெச்டிஎம்ஐயை மட்டும் இரண்டாகப் பிரித்து, முன் டிவிக்கு ஒன்று, 25 அடி வயர் இழுத்துப் படுக்கையறைக்கு ஒன்று. இணைய ஸ்டிக் ஒவ்வொரு டிவிக்கும் தனியாக இருக்கட்டும். விலை குறைவு, அம்மா சீரியல் பார்க்கும்போது அப்பா செய்தி பார்க்கலாம். பழைய செலக்டர் பெட்டியைக் கழற்றிவிட்டேன். ஆண்டெனாவும் கேபிளும் டிவியின் பழைய வயர்த் துளையிலும், டிஷ் ஹெச்டிஎம்ஐ 1லும், இணையம் ஹெச்டிஎம்ஐ 2லும் வரும். ரிமோட்டின் பின்னால் இதைத் தமிழில் எழுதி ஒட்டியது அம்மா.

ஜூலையில் லுடிங்டன் போனோம், மிச்சிகன் ஏரிக்கரை. தலைக்கு மேல் மரம். டிஷ்ஷுக்கு வேலையில்லை, அங்கிருந்து பார்த்தால் எங்கள் டிஷ் தேடும் செயற்கைக்கோள் (மேற்குத் தீர்க்கரேகை 119 டிகிரியில் இருப்பது) தென்மேற்கு வானில் ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், மரம் மறைத்துவிடும். போனில் இணையம் தவழ்ந்தது. அங்கே கேபிளும் கிடையாது. ஆண்டெனாதான் கைகொடுத்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் இடி மின்னலோடு மழை வருவதை உள்ளூர்ச் சேனலில் பார்த்துவிட்டு, வெயில் மறைப்பைச் சுருட்டி, நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்தோம். மழை ஆரம்பிக்கும்போது டீ ஆறாமல் இருந்தது.

கிளம்பும் காலையில் ஆண்டெனாவை இறக்காமல் ஓட்டினால் முதல் மரக்கிளையிலேயே ஒடிந்துவிடும். அதனால் வண்டி நின்றதும் அப்பா சாவியை வாங்கி, வண்டிக்குள் கூரையில் இருக்கும், ஆண்டெனாவைச் சுழற்றி ஏற்றும் கைப்பிடியில் மாட்டிவிடுவார். ஊருக்குத் திரும்பிய பிறகு போனில் பேசும்போதும் முதலில் அதைத்தான் கேட்கிறார்: "சாவி அங்கேதானே தொங்குது?"