கால் டாக்சி கணக்கைப் போட்டுவிட்டுப் போங்கள்

கல்லூரிக்கே கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கும் கேம்பஸ் சீசன் வந்தால் ஊரிலிருந்து தம்பி, தங்கைகள் போன் செய்வார்கள். "அண்ணா, லீட்கோடில் எத்தனை ப்ராப்ளம் போட்டால் போதும்?" லீட்கோடு என்பது கோடிங் கேள்விகளைப் போட்டுப் பழகும் வெப்சைட். எந்தக் கம்பெனி, என்னென்ன ரவுண்டு என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்குத் தெரிந்திருக்காது. ஹெச்ஆரிடம் தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

டிசிஎஸ் மாதிரி பெரிய சர்வீஸ் கம்பெனி என்றால் முதல் வடிகட்டலில் கணக்கும் தர்க்கமும் கேட்கும் ஆப்டிட்யூட் டெஸ்ட் உண்டு. நேரம் வைத்துக் கணக்குப் போட்டுப் பழகினால் சமாளித்துவிடலாம். கூகுள், அமேசான் என்றால் டேட்டா ஸ்ட்ரக்சரும் (தகவலை அடுக்கி வைக்கும் முறை) அல்காரிதமும் (கேள்வியைத் தீர்க்கும் படிமுறை). அங்கே யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லவும் தெரிய வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் முதலில் தமிழிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் இன்டர்வியூ எடுக்கும்போது யாருடைய இலக்கணத்தையும் பார்ப்பதில்லை.

ஜோஹோ வேறு ரகம். அவர்களுடைய அட்வான்ஸ்டு ரவுண்டில் ஒரு சின்ன அப்ளிகேஷனையே எழுதச் சொல்வார்கள். லீட்கோடிலேயே மூழ்கிக் கிடந்தவர்கள் திணறுவது இங்கேதான். பல வருடமாகச் சுற்றிவரும் கால் டாக்சி கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் சரியான டாக்சியை ஒதுக்கும் புக்கிங் ப்ரோகிராம் எழுத வேண்டும். ஏ முதல் எஃப் வரை ஆறு இடங்கள், அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே 15 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். முதல் 5 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 10. ஆக ஏ-யிலிருந்து பி-க்கு 200 ரூபாய். எல்லா டாக்சியும் ஏ-யில் நிற்கின்றன. 9 மணிக்கு ஒருவர் ஏ-யிலிருந்து பி போகிறார், முதல் டாக்சி கிளம்புகிறது. அதே 9 மணிக்கு இன்னொருவர் பி-யிலிருந்து டி போகக் கேட்கிறார். முதல் டாக்சி 10 மணிக்குத்தான் காலியாகும், அதனால் 9 மணிக்கே காலியாக இருக்கும் இரண்டாவது டாக்சியைத்தான் அனுப்ப வேண்டும். இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து, எப்போது காலியாகும் என்பதைப் பார்க்காத கோடு இங்கே மாட்டிக்கொள்ளும்.

இதைக் கன்சோலிலேயே, அதாவது வெறும் எழுத்து மட்டும் வரும் திரையிலேயே எழுதுங்கள், அழகான ஸ்கிரீன் எதுவும் வேண்டாம். ஓடியதும் கேன்சல் வசதியைச் சேர்த்துப் பாருங்கள். டாக்சி கிளாஸில், அதாவது ஒவ்வொரு டாக்சியின் விவரத்தையும் வைக்கும் கோடில், கடைசி இடத்தையும் மொத்த வருமானத்தையும் மட்டும் வைத்திருந்தால், கேன்சல் செய்ததும் டாக்சி முன்பு எங்கே நின்றது என்று சொல்ல வழியிருக்காது. ஒவ்வொரு சவாரியையும் ஒரு லிஸ்டில் வைத்திருந்தால், கடைசிச் சவாரியை நீக்கிவிட்டு அதற்கு முந்தைய சவாரி எங்கே முடிந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.