எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகிறவர்களுக்கு: ஆத்தங்குடிப் பட்டறை ஆய்வு அனுபவம்

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியிடமிருந்து ஒருவழியாக அனுமதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைகளில் வேலை பார்க்கும் பெண்களின் கைகளில் வரும் தோல் நோய் பற்றியது என் ஆய்வு. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்பக்கம் சிமெண்ட் பூசி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுகிற வேலை. ஈரச் சிமெண்டின் காரமும் அதிலுள்ள குரோமியமும் சேர்ந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்து அரிக்கும். கூலி வேலை என்பதால் கை புண்ணானாலும் வீட்டில் உட்கார முடியாது. இப்படிப்பட்டவர்களிடம் கேள்வி கேட்கப் போகிறவர் முறையாக அனுமதி வாங்கத்தான் வேண்டும். ஆனால் கமிட்டி அலுவலகம் என்னை அலைக்கழித்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆய்வுத் திட்டம், தன்விவரம், பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் சுலபமாக முடிந்தன. ஃபைலை வாங்கும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். "பட்டறை முதலாளியோட அனுமதிக் கடிதம் எங்க? யார் யார் கலந்துக்கிறாங்கன்னு பேர் லிஸ்ட், அவர் கையெழுத்தோட வேணும்" என்றார் அங்கிருந்த எழுத்தர். பட்டறைக்குள் நுழைய முதலாளியிடம் அனுமதி கேட்பது சரி. பெயர்ப் பட்டியலை எதற்கு அவரிடம் கொடுக்க வேண்டும்? "கை அரிக்குது" என்று சொன்னது யார் என்று அவருக்குத் தெரிந்தால், நாளைக்கு அந்த அக்காவுக்கு வேலை இருக்குமா? எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஃபைல் மேசையைத் தாண்டவே இல்லை.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளைப் பிரிண்ட் எடுத்து, இரண்டு இடங்களில் கோடு போட்டு, கமிட்டியின் உறுப்பினர் செயலரிடமே நேரில் கொடுத்தேன். முதலாளிக்குக் கட்டுப்பட்ட தொழிலாளர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பது ஒன்று. வேறு யார் அனுமதி தந்தாலும் அது அந்தந்த ஆளின் சம்மதத்துக்கு ஈடாகாது என்பது இன்னொன்று. அவர் படித்துப் பார்த்து, பட்டியல் தேவையில்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் கூட்டம். காரைக்குடியில் விடியற்காலை பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தால், கோரம் இல்லை என்றார்கள். கூட்டம் நடக்கக் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் வேண்டும், அதில் மருத்துவம் சாராதவரும் இருக்க வேண்டும். முதல் நாளே போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கூட்டம் தவறினால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

அடுத்த கூட்டத்தில் இழப்பீட்டுப் பணத்தைப் பற்றி நன்றாகவே வாக்குவாதம் நடந்தது. பேட்டிக்கு வரும் நேரத்துக்கான கூலியை நாங்கள் தருவதாக எழுதியிருந்தேன். பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறாயா என்கிற மாதிரி ஒரு மருத்துவர் கேட்டார். போன கூலியை ஈடுகட்டுவது தூண்டில் ஆகாது, பாதியில் எழுந்து போனாலும் அதே தொகை கிடைக்கும் என்று விளக்கியபின் ஒத்துக்கொண்டார்கள். ஆய்வுக்காக ஏழை கூலியை விட வேண்டும் என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதே கூட்டத்தில் மனசார நன்றி சொல்ல வேண்டியவரும் இருந்தார், பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கைகளைப் படம் எடுக்கும்போது முகம் தெரியாது என்று எழுதியிருந்தேன். "முழங்கையில பச்சை குத்தியிருப்பாங்களே, அதை வச்சு ஊரே கண்டுபிடிச்சிடும்" என்றார். இப்போது மணிக்கட்டோடு படத்தை நிறுத்துகிறோம், வளையலையும் கழற்றச் சொல்கிறோம்.

சம்மதத் தாளில் கைநாட்டு வைப்பவர்களுக்குச் சாட்சி யார் என்பதிலும் கவனம் வேண்டும். பக்கத்தில் நிற்கிறாரே என்று மேஸ்திரியைக் கூப்பிட்டுவிடுவார்கள். கூடவே கூடாது. மகளிர் குழுவிலிருந்து, பட்டறையோடு சம்பந்தமில்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்தோம். சம்மதம் கேட்கும் பேச்சும் பட்டறையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில். ஒரு அக்கா தாளை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நான் வரலேன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" என்றார். மாட்டார்கள் என்றேன். "அப்ப எனக்கு வேணாம் தாயி" என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். இத்தனை அலைச்சலுக்கும் பலன் கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

இன்னொன்று. கலந்துகொள்பவர்களுக்குக் கொடுக்கும் தகவல் தாளில் புகார் சொல்ல கமிட்டியின் தொலைபேசி எண் கட்டாயம். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த எண்ணை நீங்களே அடித்துப் பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சண்டை போட்டு வேறு எண் வாங்கி, எடுக்கிறார்களா என்று பார்த்தபிறகுதான் தாளை அச்சடித்தோம்.