சி.டி. சோதனையில் கம்பி இணைக்கும் வரிசை

பெரிய மின்னோட்டத்தை அளவிடவும் பாதுகாப்புக்கும் ஏற்ற சிறிய அளவாகக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் (சி.டி.) சோதனை என்றதும் விகிதம், துருவம், காந்தமாக்கல் வளைகோடு என்று அளவீடுகளைப் பற்றியே நிறையப் பேசுகிறோம். சோதனைக் கருவியின் கம்பிகளை எந்த வரிசையில் இணைப்பது, எந்த வரிசையில் கழற்றுவது என்பது அந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. உயிருக்கு ஆபத்து நேர்வதோ அந்த இடத்தில்தான்.

பிரைமரியில் (மின்பாதைப் பக்கம்) மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது செகண்டரி (மீட்டர், ரிலே பக்கச் சுருள்) திறந்துவிட்டால், அதை ஈடுசெய்யும் எதிர் மின்னோட்டம் இல்லாமல் போகிறது. பிரைமரி மின்னோட்டம் முழுவதும் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்குவதிலேயே செலவாகி, உள்ளகம் தெவிட்டு நிலையை அடைகிறது. மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் காந்தப்பாயம் மிக வேகமாகத் திசை மாறுவதால், வழக்கமாகச் சில வோல்ட் மட்டுமே இருக்கும் அதே முனைகளில் பல ஆயிரம் வோல்ட் உச்ச அழுத்தம் எழக்கூடும்.

ஆகவே, மின்னோட்டம் ஓடும் சுற்றில் மீட்டரைச் சேர்க்கும்போது, டெர்மினல் பிளாக்கில் சி.டி. பக்கத்து முனைகளை ஷார்ட்டிங் லிங்க்கால் (முனைகளை ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்கும் இணைப்பு) முதலில் இணைத்துத் திருகை இறுக்கிவிட வேண்டும். பிறகு, ரிலேக்கு (பழுதைக் கண்டறிந்து மின்பாதையைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) செல்லும் கம்பியில் கிளாம்ப் மீட்டரை வைத்து, மின்னோட்டம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதா என்று பார்த்த பின்னரே, ரிலே பக்கத்தைப் பிரிக்கும் ஐசொலேட்டிங் லிங்க்கைத் திறக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஷார்ட் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது வேறு முனையில் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட்டு வரைபடத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

கைக்கு அடக்கமான மல்டிமீட்டரின் ஆம்பியர் துளையை இந்தச் சுற்றில் தொடராகச் சேர்ப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அதனுள் ஃபியூஸ் இருக்கிறது. அது உருகும் கணத்தில் சி.டி. செகண்டரி திறந்துவிடும். மற்றச் சுற்றுகளில் நம்மைக் காக்கும் பொருளே இங்கே ஆபத்தாகிறது. முதலைக்கிளிப்பும் அப்படித்தான், ஒரு இழுப்பில் நழுவிவிடும். திருகி இறுக்கக்கூடிய லக் பொருத்திய கம்பியே இங்கு ஏற்றது.

மின்சாரம் துண்டிக்கப்பட்ட சி.டி.யிலும் கவனம் தேவை. ரிலே பக்கத்தைப் பிரிக்காமல் சோதனை மின்னோட்டத்தைச் செலுத்தினால், பஸ்பாருக்குள் வரும், வெளியேறும் மின்னோட்டங்களை ஒப்பிடும் பொதுவான பஸ்பார் டிஃபரன்ஷியல் பாதுகாப்பு அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஃபீடர்களையும் டிரிப் செய்துவிடலாம். விகிதத்தை மின்னழுத்த முறையில் பார்ப்பதானால், அழுத்தத்தைச் செகண்டரிக்கே கொடுக்க வேண்டும். 400/5 சி.டி.யில் செகண்டரிக்கு 40 வோல்ட் கொடுத்தால் பிரைமரியில் அரை வோல்ட் தென்படும். கம்பிகளை மாற்றிப் பிரைமரிக்கு வெறும் 5 வோல்ட் கொடுத்தால், உள்ளகம் தெவிட்டாதவரை, மறுபுறம் 400 வோல்ட் நிற்கும். பல டேப் (சுருளின் இடையிலிருந்து எடுக்கப்பட்ட முனை) கொண்ட சி.டி.யிலும் இதே கணக்குதான்: 600/5 சுருளின் 100/5 டேப்பில் 200 வோல்ட் கொடுத்தால், யாரும் கவனிக்காத கடைசி முனைகளுக்கு இடையே 1200 வோல்ட் இருக்கும்.

பிரைமரியின் இருபுறமும் எர்த் செய்யப்பட்டிருந்தால், அந்த வளையம் ஷார்ட் ஆன ஒரு சுற்றாகச் செயல்பட்டு அளவுகளைக் கெடுக்கும். பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கும் வகையில் ஒரு பக்க எர்த்தை மட்டும் வைத்துக்கொண்டு சோதிப்பதே முறை. சுருள் மின்தடையை டி.சி.யில் அளந்த பிறகு, கருவி முழுமையாக டிஸ்சார்ஜ் ஆனதாகக் காட்டும்வரை கம்பியைத் தொடக் கூடாது. உள்ளகத்தில் தங்கிய காந்தத்தையும் நீக்கிவிட வேண்டும்.

கழற்றும்போது வரிசை தலைகீழாகிறது. ரிலே பக்க லிங்க்கை மூடி, அந்தச் சுற்று தொடர்ச்சியாக இருப்பதை அளந்து உறுதிசெய்து, செகண்டரியில் ஒரே இடத்தில் எர்த் திரும்பப் போடப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே ஷார்ட்டிங் லிங்க்கை எடுக்க வேண்டும். லோடு ஏறியதும் மூன்று ஃபேஸ் மின்னோட்டங்களையும் நியூட்ரலையும் ரிலே திரையில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.