வார்டுக்குப் பக்கத்தில் இடிக்கும்போது

மார்ச் 3
ஆஸ்பத்திரிக்குள் இடிப்பு வேலை. அதைச் சுற்றித் தடுப்பு எழும்பிவிட்டது. ஜிப்சம் போர்டு, தரையிலிருந்து மேல்தளக் கான்கிரீட் வரை. ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தினால் அதற்குப் பெயர் தடுப்பே இல்லை. தூசு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். தடுப்பைத் துளைத்துப் போகும் கேபிள் ட்ரேயைச் சுற்றி மட்டும் அடைப்பு பாக்கி.

மார்ச் 4
ட்ரே ஓட்டை அப்படியே இருக்கிறது.

மார்ச் 5
நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் மெஷின், வேலைப் பகுதியின் காற்றை இழுத்தபடி ஓடுகிறது. அழுத்தம் காட்டும் மானோமீட்டரில் மைனஸ் 4 பாஸ்கல்: உள்ளே அழுத்தம் வெளியைவிட அவ்வளவு குறைவு, அதனால் தூசு வெளியே கசியாது. 2.5-க்குக் கீழே வந்தால் வேலை நிற்கும், பேச்சே கிடையாது. வேலைப் பகுதிக்குள் இருந்த, ஏசி காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் வாய்களை ஷீட் போட்டு டேப் ஒட்டி மூடியாயிற்று. ஒன்றை விட்டாலும் தளம் முழுக்கத் தூசு சுற்றும்.

மார்ச் 8
மேல்தளத்தில் ரத்தப் புற்றுநோய் வார்டு. நினைப்பு அங்கேயே போகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து 2, 3 மைக்ரான்தான். கிளம்பினால் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். நாமெல்லாம் தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோனவருக்கு அதுவே நுரையீரலைப் பிடித்துவிடும். இன்று பிரித்த பழைய சீலிங் போர்டின் முதுகில் கறுப்புத் திட்டுகள்: என்றோ ஒழுகி, யாரும் கவனிக்காமல் காய்ந்தது. ஈரம் தெளித்துத்தான் கழற்ற வேண்டும், அங்கேயே பையில் கட்ட வேண்டும். குப்பை வண்டிக்கு மூடி, தனி லிஃப்ட். அந்த நோயாளிகள் ஸ்கேனுக்கு வெளியே வந்தால் என்95 மாஸ்க்.

மார்ச் 9
மைனஸ் 0.5! வேலைப் பகுதிக்குள் நுழையும் முன்னறையின் இரண்டு கதவும் திறந்திருக்கின்றன, ஒன்றுக்குச் செங்கல் முட்டு. மானோமீட்டர் அலாரத்தை யாரோ மியூட் செய்திருக்கிறார்கள். வேலை நின்றது. இரண்டு கதவுக்கும், தானாக மூடவைக்கும் டோர் க்ளோசர் வந்த பிறகுதான் மறுபடி.

மார்ச் 11
வெல்டிங். புகையில் வீணாக அலறாதிருக்க ஸ்மோக் டிடெக்டர்களுக்கு 6 மூடி போனது. தீயணைப்பானோடு ஒருவர் காவல், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம். தீ அலாரம் 24 மணி நேரத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் செத்துக் கிடந்தால், தீயைக் கவனிக்க ஆள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாலை திரும்பி வந்தவை 5.

மார்ச் 12
ஆறாவது மூடி வராந்தா டிடெக்டரிலேயே இருந்தது. ராத்திரி முழுக்க.

மார்ச் 15
வேலைக்காக மூடியிருந்த தண்ணீர் லைன் திறந்தாயிற்று. முதலில் பழுப்பாகத்தான் வரும். அழுத்தம் திடீரென ஏறும்போது குழாய்ச் சுவரின் நுண்ணுயிர்ப் படலம் பிய்ந்து வருகிறது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா அதற்குள்தான் ஒளிந்திருக்கும். முனை வலைகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு குழாயாக ஓடவிட வேண்டும். அதுவரை ஷவர் கூடாது. பயன்படாத கிளைக் குழாயை வெறுமனே மூடி போட்டு விட்டிருந்தார்கள், தண்ணீர் அதில் தேங்கி நிற்கும். மெயினிலேயே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 18
ஆக்ஸிஜன் லைன். வரைபடம் சொல்லும் வால்வ் வேறு, படுக்கைக்குப் போகும் வால்வ் வேறு. மூடும் முன் ஒவ்வொரு படுக்கையிலும் சிலிண்டர், நர்ஸ் கையெழுத்து. ப்ரேஸிங்கின்போது (குழாய்களைச் சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டும்போது) உள்ளே விட்ட நைட்ரஜன் குழாயிலேயே நின்றால் அழுத்த அலாரம் கத்தாது. அதற்கு அழுத்தம்தான் தெரியும், வாயு தெரியாது. ஒவ்வொரு அவுட்லெட்டிலும், எந்த வாயு என்று காட்டும் அனலைசர் வைத்துப் பார்த்த பிறகே திறப்பு.

மார்ச் 19
ட்ரே ஓட்டையை ஒருவழியாக அடைத்தார்கள். மாலையில் நெட்வொர்க் ஆட்கள் வந்து அதே இடத்தைக் குத்திப் புதுக் கேபிள் இழுத்தார்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் புகைக்குழல் வைத்துப் பார்த்தேன்: புகை உள்பக்கம்தான் இழுபடுகிறது. மெஷின் நின்றால்?

மார்ச் 21
காலை 6 மணி, மைனஸ் 3. 7 மணி, மைனஸ் 2.7. ஹெப்பாவுக்கு முன்னால் இருக்கும் ப்ரீ ஃபில்டரை ஜிப்சம் பொடி அடைத்திருக்க வேண்டும். மாற்றும்போது பிரஷர் விழும், அதற்கு முன் இடிப்பை நிறுத்தி, தூசு அடங்க விட வேண்டும்.