பஸ்ஸில் படிக்க ஒரு நாவல்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலேயே நாகர்கோவிலில் இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஏட்டி, சமீபத்துல வந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் நல்லதா ஒண்ணு சொல்லு. பஸ்ல போனையே நோண்டிக்கிட்டு வந்து கண்ணெல்லாம் வலிக்கு."

ஹாஸ்டலில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது தக்கலையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை, போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். அந்தக் காலத்தில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' அட்டை கிழிந்த பிரதி ஒன்று எங்கள் அறையில் இருந்தது, ஜீனோ என்கிற ரோபோ நாய் பேசும் இடங்களையெல்லாம் இவள் குரலை மாற்றிச் சத்தமாகப் படிப்பாள், பக்கத்து அறைப் பெண்கள் வந்து கதவருகே நின்று கேட்பார்கள். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று வாசிப்பு நின்றே போய்விட்டது.

மூன்று நிபந்தனைகள் போட்டிருக்கிறாள். பத்து வருடத்துக்கு முந்தையது வேண்டாம். கதை என்று ஒன்று இருக்க வேண்டும். அழ வைக்கக் கூடாது. மூன்றாவது எதற்காக என்று எனக்குத் தெரியும். அவள் அம்மா போய் ஏழு மாதம்தான் ஆகிறது.

2019-இல் ஒருமுறை கேட்டாள். அப்போது என் தலைக்குள் லியு சிசினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, யோசிக்காமல் அதையே அனுப்பிவிட்டேன். சீனக் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஒரு இயற்பியல் பேராசிரியரை மகள் கண் முன்னாலேயே அடித்துக் கொல்வதில் தொடங்குகிற புத்தகம். நாற்பது பக்கம் படித்தேன் என்றாள், அதன்பின் ஆறு வருடம் என்னிடம் புத்தகமே கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்த முறை அவளுக்காக யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மனதில் முதலில் வந்தது ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்' தான். 2015-இல் வந்தது, அடுத்த வருடமே ஆர்தர் சி. கிளார்க் விருது வாங்கியது, பத்து வருடக் கணக்குக்குள் சரியாக உட்காருகிறது. கடந்த பத்து வருடத்தில் நான் படித்ததில் இதற்கு மேல் ஒன்றை வைக்க என்னால் முடியாது. ஒரு கிரகத்தில் குரங்குகளை அறிவாளிகளாக்க அனுப்பிய வைரஸ், குரங்குகள் போய்ச் சேராததால் சிலந்திகளைப் பிடித்துக்கொள்கிறது. போர்ஷியா லேபியேட்டா என்கிற, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத குதிக்கும் சிலந்தி. இலங்கையிலும் இந்தியாவிலும் நிஜமாகவே இருக்கிற இனம், மற்ற சிலந்திகளை வேட்டையாடும், நேர்வழி அடைத்திருந்தால் சுற்றுவழி யோசித்துப் போகும். அந்த மூளை தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, வலையையே மொழியாக்கி, எறும்புக் கூட்டத்தைக் கணினியாக்கி, கடைசியில் ஆண் சிலந்திகளைக் காரணமில்லாமல் கொல்வது தவறு என்கிற இடம் வரைக்கும் வருகிறது. அந்தப் பகுதியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

ஆனால் இவளுக்கு சிலந்தி என்றால் உயிர் போகும். ஹாஸ்டல் குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்துவிட்டு, தலையில் ஷாம்பு நுரையோடு வெளியே ஓடி வந்தவள். அறுநூறு பக்கம் சிலந்தி! சரி, வேண்டாம். மனதே இல்லாமல்தான் அலமாரியில் திருப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று இரண்டு புத்தகங்களை மறுபடி புரட்டினேன்.

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்', 2020. முதல் அத்தியாயம் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர். வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்து ஏறுகிற வெப்ப அலை, மின்சாரம் போகிறது, ஊரே ஏரிக்குள் இறங்குகிறது, ஏரித் தண்ணீரும் சுடுகிறது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்கிற ஒரு அளவு உண்டு, அது 35 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வியர்த்தும் பயனில்லை, நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற திடமான ஆளுக்குக்கூட உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. இதைப் புள்ளிவிவரமாக எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன், அந்த ஏரியைப் படித்த பிறகுதான் உறைத்தது. எல்லோரும் படிக்க வேண்டிய அத்தியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் வேலை முடிந்து ஜன்னல் சீட் கூடக் கிடைக்காமல் பஸ்ஸில் வியர்த்து வருகிறவளின் கையில் இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்'. 2023-இல் வந்து 2024-க்கான புக்கர் பரிசு வாங்கியது. நூற்றைம்பது பக்கத்தைக்கூடத் தொடாது. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாளில் பூமியைப் பதினாறு முறை சுற்றுகிறார்கள், பதினாறு விடியல். இது அறிவியல் புனைகதையே கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. வாக்கியங்கள் அவ்வளவு அழகு. இதையே அனுப்பிவிடலாம் என்று எடுத்து வைத்துவிட்டேன், அப்புறம்தான் சியே ஞாபகத்துக்கு வந்தாள். ஆறு பேரில் ஜப்பான்காரி. அவள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது கீழே அவள் அம்மா இறந்துவிடுகிறார், இவளால் இறங்கிப் போக முடியாது. என் தோழி அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சியில் இருந்தாள், அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தப் புத்தகம் அவளுக்கு என்றைக்காவது வேண்டியிருக்கும். இந்த வருடம் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லாவண்யா லட்சுமிநாராயணின் 'தி டென் பர்சென்ட் தீஃப்' நன்றாகப் பொருந்தும் போலிருக்கிறது. வருங்கால பெங்களூரு, பெயர் ஏபெக்ஸ் சிட்டி. உற்பத்தித்திறனை வைத்து ஜனங்களை மேல் இருபது, நடு எழுபது, கீழ் பத்து சதவீதம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், கீழே விழுந்தவர்களுக்கு மின்சாரமும் இல்லை, தண்ணீருக்கும் தட்டுப்பாடு. மாதாமாதம் டார்கெட் தொடவில்லை என்று ரீஜனல் ஆபீஸில் இருந்து போன் வாங்குகிறவளுக்கு இதை விளக்கவே வேண்டாம். தனித்தனிக் கதைகளாகப் பின்னிய நாவல், ஒரு பயணத்துக்கு ஒன்று என்று முடித்துவிடலாம். ஆனால் ஆள் மாறி மாறி வருவதால் ஒருவரோடே கூடப் போகிற சுகம் இதில் குறைவு. ஜீனோ பின்னாலேயே போனவளுக்கு முதலில் ஒரு துணை வேண்டும். இது இரண்டாவது புத்தகமாகப் போகட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

ஆண்டி வியரின் 'பிராஜெக்ட் ஹெய்ல் மேரி' முழுவதையும் மூன்று நாளில் மறுபடி படித்துவிட்டேன். 2021-இல் வந்தது. அடுத்த மார்ச்சில் படமும் வருகிறது, ட்ரெய்லர் ஏற்கெனவே வந்துவிட்டது, அதைப் பார்க்கிறதற்கு முன்னால் படித்துவிடுவது நல்லது. (படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

ஒரு ஆள் கண் விழிக்கிறான், தன் பெயரே ஞாபகம் இல்லை. ஒரு பொருளைக் கீழே போட்டு விழுகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, இங்கே ஈர்ப்பு விசை அதிகம், அப்படியானால் நான் பூமியில் இல்லை என்று கண்டுபிடிக்கிறான். பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார். சூரியனின் ஒளியைத் தின்கிற ஒரு நுண்ணுயிர், அக்கம்பக்கத்தில் அதனால் மங்காத நட்சத்திரம் ஒன்றே ஒன்று, பன்னிரண்டு ஒளியாண்டு தூரத்தில் டௌ செட்டி. அங்கேதான் ராக்கி வருகிறான். வேறு உலகத்து இன்ஜினியர், கண் கிடையாது, பேசுவது இசைக் கார்டுகளில் (chords). பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலித்தால் ஒரு சொல். வாத்தியார் லேப்டாப்பில் அந்த ஒலியைப் பிரித்து, எந்தெந்த ஸ்வரத்துக்கு என்ன அர்த்தம் என்று எக்செல்லில் அகராதி போடுகிறார். சோகம் வந்தால் ராக்கியின் சுருதி கீழே இறங்கும். என் தோழி பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறவள். இவளுக்கென்றே எழுதினது மாதிரி இருக்கிறது, இது எப்படி எனக்கு முதல் நாளே தோன்றவில்லை!

ஆனால் ஒன்று மறந்தே போயிருந்தேன். ராக்கியை முதன்முதலில் பார்த்ததும் வாத்தியாருக்குத் தோன்றுவது சிலந்திதான். நாய் உயரத்தில், ஓடு போட்ட, ஐந்து கால் சிலந்தி. அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சொல்லாமல் அனுப்பக்கூடாது என்று முடிவு பண்ணிப் போன் போட்டேன். கதையைச் சொல்லவில்லை, ஒரு பாத்திரம் பார்க்க சிலந்தி மாதிரி இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

"எத்தன காலு?"

"அஞ்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எட்டு இல்லேல்லா? கடிக்குமா?"

"கடிக்காது. அவ்வளவு நல்லவன்."

"அப்போ அனுப்பு."

நானூற்று எழுபது பக்கத்துக்கு மேல் இருக்கிறது என்பதையும், ஒரு இடத்தில் எனக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிட்டேன். யாராவது சாவாங்களா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, அவளும் விட்டுவிட்டாள். மதியமே பார்சல் கட்டிவிட்டேன், நாளைக்குக் காலையில் தபாலில் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு நாளாக மெசேஜ் இல்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ராத்திரி ஒன்பதரைக்கு அவளே கூப்பிட்டாள். பாதி தாண்டியாகிவிட்டது, வியாழக்கிழமை தக்கலை ஸ்டாப்பைக் கவனிக்காமல் அழகியமண்டபம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாளாம். சிலந்தியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவன் என்றே சொல்கிறாள், அவன் இப்படிச் சொன்னான், அவன் அப்படிச் செய்தான். எனக்கு அதைக் கேட்கக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

காலையில் ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு கீபோர்டை மூடாமல் உட்கார்ந்து, 'ஆமாம்' என்பதற்கு ஒரு கார்டு, 'இல்லை' என்பதற்கு ஒரு கார்டு என்று தானே போட்டுப் பார்த்தாளாம். சின்னவன் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

"இரு, போன வச்சிராத. வீட்டு கீபோர்டு இங்கதான் இருக்கு. இது என்னன்னு சொல்லு பாப்போம்."

மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாள், போனில் கரகரவென்றுதான் கேட்டது. தெரியவில்லை என்றேன். மறுபடி அதையே அழுத்தினாள், கடைசியில் ஒரு ஸ்வரத்தை மட்டும் மேலே தூக்கினாள், கேள்வி கேட்கிற மாதிரி.

"சாப்பிட்டியான்னு கேக்கியா?"

"ஆமாட்டி!" என்று கத்தினாள், பின்னால் சின்னவன் கை தட்டுகிற சத்தம். சாப்பிட்டாயிற்று என்பதற்கு என்ன கார்டு என்று கேட்டேன். அதை இன்னும் முடிவு பண்ணவில்லையாம், ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.