மஸ்டாங்கில் வி-1 கட்: செமினோல் பழக்கத்தோடு போகிறவர்களுக்கு

"ஜெட்டில் இன்ஜின் போனால் ஒன்றுமில்லை, பிஸ்டன் ட்வின்னை விடச் சுலபம்" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். விமானம் சுலபம்தான். பிஸ்டனில் பழகிய கையை அடக்குவதுதான் பெரும்பாடு. அதை எந்தப் பயிற்சி மையமும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. முதலாளி ஒரு பழைய சைட்டேஷன் மஸ்டாங் வாங்கினார், இரட்டை இன்ஜின் குட்டி ஜெட். அதை ஓட்ட டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கான தனித் தகுதி) எடுத்துக்கொண்டு இப்போதுதான் வந்திருக்கிறேன். ஒற்றை பைலட் ரேட்டிங் என்பதால் பக்கத்து சீட்டிலிருந்து எந்த உதவியும் கிடையாது. பட்டதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வி-1 என்பது ரன்வேயில் ஓடும்போது நிற்பதா போவதா என்று முடிவெடுக்கும் கடைசி வேகம். அதைத் தாண்டியதும் ஓர் இன்ஜினை நிறுத்திக்காட்டும் சோதனைதான் வி-1 கட்.

மல்ட்டி இன்ஜின் ரேட்டிங்கை ஃபீனிக்ஸ் பக்கம் டியர் வேலியில், பைப்பர் செமினோல் என்ற இரட்டை பிஸ்டன் இன்ஜின் விமானத்தில் எடுத்தவன் நான். பக்கத்துக்கு 180 குதிரைத்திறன். ஒன்று நின்றால் பாதி சக்திதானே போகும் என்று தோன்றும். மட்டமாகப் பறக்கவே சக்தியில் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது, ஏறுவதெல்லாம் மிச்சத்தில்தான். அதனால் ஏறும் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் போய்விடும். டியர் வேலி ரன்வே கடல் மட்டத்திலிருந்து 1,478 அடி. 40 டிகிரி வெயிலில் டென்சிட்டி ஆல்டிட்யூட் (வெயிலில் காற்று மெலிவதால் விமானம் உணரும் உயரம்) கணக்குப் போட்டால் 4,800 அடி வரும். முழு எடையில் செமினோலின் ஒற்றை இன்ஜின் சீலிங், அதாவது ஓர் இன்ஜினில் ஏறக்கூடிய உச்ச உயரம், சுமார் 3,800 அடி. அதாவது அந்த வெயிலில், அந்த எடையில், ரன்வேயிலேயே கதை முடிந்தது. மீதமிருக்கும் இன்ஜின் உங்களைக் கீழே இறக்கும், கொஞ்சம் மெதுவாக.

அதனால்தான் பிஸ்டனில் அந்த அவசரம். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்ட மாதிரி மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை), ப்ராப் (ப்ரொப்பெல்லர்), த்ராட்டில் லீவர்கள் எல்லாம் முன்னே. ஃபிளாப் (இறக்கை மடிப்பு), கியர் (சக்கரங்கள்) மேலே. எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்கத்து இன்ஜின்தான் நின்றது. அதன் த்ராட்டிலைப் பின்னே இழுத்து உறுதி செய்துகொண்டு, உடனே ஃபெதர், அதாவது ப்ராப் இறகுகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பி இழுவையைக் குறைப்பது. இதில் ஒரு கண்ணி உண்டு. செமினோலில் ப்ராப் 950 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே பின்கள் மாட்டிக்கொள்ளும், பிறகு லீவரை எவ்வளவு இழுத்தாலும் ஃபெதர் ஆகாது. காற்றில் சும்மா சுற்றும் ப்ராப்பின் இழுவையோடு மேலே ஏறுவது நடக்காத காரியம். கிளம்பியவுடன் 88 நாட் நீலக்கோட்டை (ஓர் இன்ஜினில் நன்றாக ஏறும் வேகத்தைக் காட்டும் வேகமானிக் கோடு) எட்டுவதற்குள் இன்ஜின் போனால் இரண்டு த்ராட்டிலையும் மூடிவிட்டு எதிரே தெரியும் நிலத்தில் இறக்கு என்றுதான் சொல்லித்தருவார்கள். (செமினோலின் ப்ராப்கள் எதிரெதிராகச் சுற்றுவதால் கிரிட்டிக்கல் இன்ஜினே, அதாவது நின்றால் மற்றதை விட அதிகத் தொல்லை தரும் இன்ஜினே, கிடையாது. ஆனாலும் ஓரலில் (வாய்மொழித் தேர்வில்) அதைப் பற்றித்தான் அரை மணி நேரம் குடைவார்கள்.)

இப்படி நூறு முறை செய்து பழகிய கையை மஸ்டாங் சிமுலேட்டரில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? வி-1 தாண்டியதும் இன்ஸ்ட்ரக்டர் இன்ஜினை நிறுத்துவார், கை தானாகத் த்ராட்டிலைத் தேடிப் போகும். என் முதல் இன்ஸ்ட்ரக்டருக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்: "தொடாதே!" என்று கத்துவது. ஏன் தொடக்கூடாது, கையை எங்கே வைப்பது என்று சொல்ல மாட்டார். சிமுலேட்டருக்கு மணிக்கணக்கில் காசு கட்டிவிட்டு அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்னும் எரிகிறது.

அவர் லீவில் போனது என் அதிர்ஷ்டம். பதிலுக்கு வந்தவர் ஒரு பழைய சார்ட்டர் பைலட். சொன்னது இரண்டே விஷயம். வி-1 என்று நீயே வாய்விட்டுச் சொல், சொன்ன நொடியில் வலது கையைத் த்ராட்டிலிலிருந்து எடுத்து யோக்கில் (விமானத்தின் ஸ்டீயரிங்கில்) வை. அதற்குப் பிறகு 400 அடி வரை அந்தக் கை கியர் லீவருக்கு மட்டும்தான் போகலாம். அவ்வளவுதான். வி-1 வரை நிறுத்தலாம், அதன் பிறகு போயே ஆகவேண்டும். அதற்கு ரன்வே நீளம் போதுமா, ஒற்றை இன்ஜினில் ஏற முடியுமா என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே எடை, உயரம், வெப்பம் வைத்து அட்டவணையில் பார்த்து முடித்திருக்க வேண்டும். செமினோலில் காற்றில் எடுக்கும் முடிவை இங்கே டிஸ்பாட்ச் மேஜையிலேயே எடுத்துவிடுகிறோம். ஃபெதர் செய்ய ப்ராப்பே இல்லை. நின்றுபோன சின்ன டர்போஃபேனின் (ஜெட் இன்ஜினின்) இழுவை கொஞ்சம்தான். பிறகு எதற்குக் கை ஓடுவது?

கை அவசரப்பட்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் காட்டியது 2015 பிப்ரவரி 4, தைபே. டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 ப்ராப் விமானம் கிளம்பியதும் 2-ஆம் இன்ஜின் ப்ராப் தானாகவே ஃபெதர் ஆனது. காக்பிட்டில் நிறுத்தப்பட்டதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1-ஆம் இன்ஜின். 43 பேர் போனார்கள். அந்த ரிப்போர்ட்டைப் படித்த பிறகு என் கை தானாகவே யோக்கில் ஒட்டிக்கொண்டது.

காலுக்கு வேலை இல்லை என்றும் நினைக்காதீர்கள். இன்ஜின்கள் வாலுக்குப் பக்கத்தில், நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் மூக்கு திரும்புவது குறைவு, உண்மை. செமினோலில் மிதிப்பது போல மிதித்தால் மறுபக்கம் போய், திரும்ப வந்து, ரன்வே மேலே நடனம் ஆடுவீர்கள். ஆனால் முன் சக்கரம் தரையில் இருக்கும் வரை அதுவும் நேராக வைத்துக்கொள்ள உதவுகிறது. ரொட்டேட் செய்ததும் (மூக்கைத் தூக்கியதும்) அந்தப் பிடி விட்டுப்போகும், அந்த நொடியில் ரடர் (காலால் மிதித்துத் திருப்பும் வால் துடுப்பு) இன்னும் கொஞ்சம் வேண்டும். திசையில் 5 டிகிரி, வேகத்தில் 5 நாட், அதற்கு மேல் விலகினால் எக்ஸாமினர் குறித்துக்கொள்வார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை உள்ளங்கால்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

செக்ரைடு (இறுதித் தேர்வு) அன்று வந்தது வேறு சோதனை. எக்ஸாமினர் காகிதங்களை விரித்துவைத்து, ஐயாக்ராவில் (அமெரிக்க விமானத் துறையின் ஆன்லைன் விண்ணப்பத்தில்) என் பெயர் ஒரு மாதிரியும் பயிற்சி ரெக்கார்டில் வேறு மாதிரியும் இருக்கிறது என்றார். என் லைசென்ஸில், பாஸ்போர்ட்டில், ஐயாக்ராவில் எல்லாம் அப்பா பெயர் பின்னால். மையத்தின் அலுவலகப் பெண்மணி அதைத் தூக்கி முன்னால் போட்டு, என் பெயரை வெறும் ஓர் எழுத்தாகச் சுருக்கி வைத்திருந்தார். கேட்டால், "உங்கள் ஊர்க்காரர்கள் இனிஷியல் போடுவார்களே" என்றார். திருத்தலாம், ஆனால் மேனேஜர் கையெழுத்து வேண்டும், அவர் ஊரில் இல்லை. எக்ஸாமினர் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. போனது சிமுலேட்டர் நேரமும் ஹோட்டல் வாடகையும். நம்மவர்கள் முதல் நாளே ரெக்கார்டை வாங்கி, லைசென்ஸை அருகில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். லாக்புக் எண்டார்ஸ்மென்ட்டையும் (இன்ஸ்ட்ரக்டர் எழுதித்தரும் சான்றையும்) சேர்த்து. சண்டை போட்டு அந்த சிமுலேட்டர் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள வைத்தேன் என்பது சின்ன ஆறுதல். ஹோட்டல் காசு திரும்பவில்லை.

மறுமுறை ஓரல், ஸ்டால், அப்ரோச் எல்லாம் ஓடிப்போயின. வி-1 கட்டில் கை யோக்கில்தான் இருந்தது.

இனி முன்னால் இருப்பது இன்ஷூரன்ஸ்காரர்கள். ரேட்டிங் கையில் இருந்தாலும் மஸ்டாங் அனுபவமுள்ள ஒருவரோடு குறிப்பிட்ட மணி நேரம் பறந்தால்தான் தனியாக விடுவார்கள். அது எவ்வளவு என்று விமானம் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இடையில் செமினோலை எடுப்பதாக இருந்தால் முதல் பறப்புக்கு ஓர் இன்ஸ்ட்ரக்டரைக் கூட்டிப் போங்கள். யோக்கில் ஒட்டப் பழகிய கை, 950 ஆர்பிஎம் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். நான் அடுத்த சனிக்கிழமைக்குப் பதிவு செய்திருக்கிறேன், வெயில் ஏறுவதற்கு முன் காலை 6 மணிக்கு.